பெட்டிக்கு நம்பர் உண்டு. நமக்கு விலாசம் உண்டா?

திருவனந்தபுரம் ஜில்லா கடலோர ஜில்லா. வடக்கே இடவாவிலிருந்து தெற்கே பொழியூர் வரை சுமார் 78 கிலோமீட்டர் கடற்கரை. வர்க்கலைக் குன்று, அஞ்சுதெங்குக் கோட்டை, சங்குமுகம், கோவளம், பூவாறு என்று ஊர் பார்க்க வருகிறவனுக்கு வழி காட்ட நூறு கைகள் நீளும். இதே ஜில்லாவில் தமிழ்க் கூலிக் குடும்பங்கள் எங்கே குடியிருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கையும் நீளாது. ஏனென்றால், அப்படிப்பட்ட வீடுகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை!

2024 ஜூலை 11-ந் தேதி விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 'சான் ஃபெர்னாண்டோ' என்ற முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்து சேர்ந்தது. மறுநாள் வரவேற்பு, மேடை, மந்திரிமார் பேச்சு. அதற்கும் மறுநாள், 13-ந் தேதி, தம்பானூர் ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடும் ஆமயிழஞ்சான் தோட்டில் குப்பை வார இறங்கிய ஒரு ஒப்பந்தத் தொழிலாளி காணாமல் போனார். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர், மலையாளி. 15-ந் தேதிதான் உடல் கிடைத்தது. தோட்டைச் சுத்தம் செய்ய வேண்டியது யார் என்று ரயில்வேயும் கார்ப்பரேஷனும் ஒன்றை ஒன்று கைகாட்டின. நான் ரயில்வே சம்பளம் வாங்குகிறவன். ஆனாலும் சொல்கிறேன், அந்தக் குப்பையில் இருவருக்கும் பங்கு உண்டு.

கப்பலில் வந்திறங்கிய ஒவ்வொரு இரும்புப் பெட்டிக்கும் ஒரு நம்பர் இருந்தது. எங்கிருந்து வந்தது, யாருக்குப் போகிறது என்று கணக்கு இருந்தது. தோட்டில் இறங்குகிற மனிதனுக்கு அந்தக் கணக்கு இல்லை. ரயிலில் ஒரு மூட்டை பார்சல் போட்டாலும் அனுப்புகிறவர் பெயர், பெறுகிறவர் பெயர், எடை, கட்டணம் எல்லாம் எழுதி ரசீது கிழித்துக் கொடுக்கிறோம். மூட்டை தொலைந்தால் அந்த ரசீதைக் காட்டிக் கேட்கலாம். இந்த ஜில்லாவில் பத்து வருஷம், இருபது வருஷம் வாடகை கொடுத்துக் குடியிருக்கும் நம் குடும்பங்களில் ஒரே ஒரு வாடகை ரசீதாவது கையில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? வீடு தொலைந்தால் எதைக் காட்டிக் கேட்பது?

இந்த நகரத்தின் தரை எப்படிப்பட்டது என்று குடியிருக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு குன்று, ஒரு பள்ளம், மறுபடி ஒரு குன்று. குன்றின்மேல் பங்களா, பள்ளத்தில் நாம். குன்றில் பெய்த தண்ணீரெல்லாம் ஆமயிழஞ்சான் தோடு, பட்டம் தோடு, உள்ளூர்த் தோடு வழியாக ஆக்குளம் காயலுக்குப் போகவேண்டும். மற்றப் பக்கத்துத் தண்ணீர் கிள்ளியாற்றில் விழுந்து கரமனை ஆற்றோடு சேரவேண்டும். போகிற வழியெல்லாம் பிளாஸ்டிக்கும் சாக்கடையும் அடைத்துக்கொண்டிருந்தால் எங்கே போகும்? நம் வாசலுக்குத்தான் வரும். இடவப்பாதிக்கு ஒரு தடவை, துலாவர்ஷத்துக்கு ஒரு தடவை. 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்று பெயர் வைத்துத் தம்பானூர் வெள்ளத்தை ஒழிக்கப் புறப்பட்டார்கள். 2023 அக்டோபர் 14 ராத்திரி பெய்த மழையில் கண்ணம்மூலை, கௌரீசபட்டம் பக்கமெல்லாம் விடியும் முன்பே வீட்டுக்குள் தண்ணீர். வெள்ளம் வரும் இடத்தில்தான் வாடகை குறைவு. வாடகை குறைவான இடத்தில்தான் நம் ஆட்கள்.

அந்த வீடு எப்படிப்பட்ட வீடு? இந்த ஊரில் கார்ப்பரேஷன் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு டி.சி. நம்பர் கொடுத்திருக்கிறது. அந்த நம்பர்தான் விலாசம். ஒரு பழைய வீட்டை வாங்கி, நடுவே பலகையும் தகரமும் அடித்து, எட்டு அறையாக்கி, எட்டுக் குடும்பத்துக்கு விடுகிறார் வீட்டுக்காரர். டி.சி. நம்பர் ஒன்று. கரண்ட் மீட்டர் ஒன்று. குழாய் ஒன்று. கக்கூஸ் ஒன்று, அதற்குக் காலை நாலு மணிக்கே பெண்கள் வரிசை. வாடகை மட்டும் எட்டு! கரண்டுக்கு உள்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு அவர் சொன்னதுதான் விலை. வெள்ளம் வடிந்தபின் கணக்கெடுக்க வருகிற அதிகாரி டி.சி. நம்பரை எழுதிக்கொண்டு போகிறார். அந்த நம்பருக்கு உரியவர் குன்றின்மேல் இருக்கிறார். நனைந்த அரிசியும் பாயும் நம்முடையவை.

"விலாசம் என்ன பெரிய விஷயம், கூலி ஒழுங்காக வந்தால் போதாதா?" என்று கேட்கிற அண்ணாச்சிமார் உண்டு. கூலி உண்டுதான். ரிசர்வ் வங்கி வெளியிட்ட கணக்கில் 2022-23-ல் கேரள கிராமப்புறத்தில் கட்டட வேலைக்காரருக்குச் சராசரி நாட்கூலி 852 ரூபாய். தமிழ்நாட்டில் 501 ரூபாய். இந்த வித்தியாசம்தான் நம்மைக் களியக்காவிளை தாண்ட வைக்கிறது. அந்த 351 ரூபாய் எங்கே கரைகிறது என்று வீட்டுக் கணக்கை நடத்தும் தாய்மார்களைக் கேளுங்கள்.

ரேஷனை எடுத்துக்கொள்வோம். ஒரே நாடு ஒரே ரேஷன் என்கிறார்கள். தமிழ்நாடு 2020 அக்டோபரில் அதில் சேர்ந்தது. ஆனால் முன்னுரிமைக் கார்டும் அந்தியோதயாக் கார்டும் இருந்தால்தான் இங்கே அரிசி. மற்றக் கார்டுக்குத் தமிழ்நாட்டில் அரிசி உண்டு, எல்லை தாண்டினால் இல்லை. சரி, இங்கேயே கார்டு எடுக்கலாம் என்று போனால் முதல் கேள்வி, "குடியிருப்புக்கு என்ன ரேகை?" கார்டு இல்லாவிட்டால் லைஃப் மிஷனில் வீடு கேட்கவும் முடியாது, அந்தத் திட்டம் ரேஷன் கார்டை வைத்துத்தான் குடும்பத்தை எண்ணுகிறது.

அடுத்தது ஓட்டு. 2025 நவம்பரில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே சமயத்தில் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தப் புறப்பட்டார்கள். ஊரில் போய்ப் பார்த்தால் வீடு பூட்டு. ஆள் இல்லை, வெளியூர் போய்விட்டார் என்று எழுதலாம். இங்கே வந்து பார்த்தால் அந்த டி.சி. நம்பரில் வீட்டுக்காரர் பெயர்தான் உண்டு. இரண்டு மாநிலத்துக்கும் உழைத்தவன் ஒரு மாநிலத்திலும் வாக்காளன் இல்லை என்றால் கவுன்சிலர் எதற்காக நம் சந்துக்குள் கால் வைக்கப் போகிறார்?

இவற்றைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நகரத்தின் மலத்தையும் குப்பையையும் அள்ளத் திருவாங்கூர்ப் பட்டணங்களுக்குத் தமிழ்ச் சீமையிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். தகழி 1947-ல் எழுதிய 'தோட்டியின் மகன்' நாவலில் ஆலப்புழைத் தோட்டிகளின் பெயர் என்ன? இசக்கிமுத்து, சுடலைமுத்து! சுந்தர ராமசாமி அதைத் தமிழில் தந்திருக்கிறார். சங்கத்துப் பிள்ளைகள் படிக்கவேண்டும். அப்படி வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று கல்லூரியில் சேரச் சாதிச் சான்று கேட்டுப் போனால், தாலூகா ஆபீசில் சொல்வது என்ன? "1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே உன் முன்னோர் இங்கே குடியிருந்தார்கள் என்பதற்கு ரேகை கொண்டு வா." அன்றுதான் தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கான ஜனாதிபதி உத்தரவு வந்தது. வேறு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர் அந்தச் சலுகையைப் புதிய மாநிலத்தில் கோரமுடியாது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018-லும் அதையே சொன்னது. சாதிப் பெயர் கேரளப் பட்டியலில் இருந்தாலும், தாத்தா இந்த மண்ணில் இருந்தார் என்று காட்டக் காகிதம் வேண்டும்.

மலம் அள்ளியவனுக்கு யார் ரசீது கொடுத்தார்கள்? புறம்போக்கில் குடிசை போட்டவனுக்கு எது பட்டா? அன்றைக்கு இல்லாமல் போன ஒரு துண்டுச் சீட்டு இன்றைக்கு ஒரு பெண்பிள்ளையின் கல்லூரி இடத்தைப் பறிக்கிறது. நாம் இன்று ரசீது வாங்காமல் கொடுக்கும் ஒவ்வொரு மாத வாடகையும் நம் பேரப்பிள்ளைகளிடமிருந்து எதைப் பறிக்கப் போகிறதோ, நமக்கே தெரியாது.

நம்மை வந்தேறி என்று சொல்லவும் இங்கே நாக்குகள் இருக்கின்றன. 'பாண்டி' என்பார்கள். ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாலைக் கம்போளத்தை உண்டாக்கிய காலம் முதல் அங்கே தமிழ் பேசாத நாள் இல்லை. 1956 நவம்பர் 1-ந் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலூகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதற்கு முதல் நாள் வரை நாகர்கோவில்காரன் இந்த ராஜ்யத்துப் பிரஜை. ஒரு ராத்திரியில் அவன் அந்நியன் ஆகிவிட்டானா? கோட்டை மாறியது, கொத்தனார் மாறவில்லை.

மலையாளிச் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே போய்ப் பிழைப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் பாடம் சொல்லவேண்டாம். வளைகுடாவில் ஓர் அறையில் பத்துப் பேர் படுத்த கதையை உங்கள் வீட்டுத் திண்ணைகளில் கேட்டிருக்கிறோம். வெளியே போன மலையாளிகளுக்காக 1996-ல் நோர்க்கா என்று ஓர் இலாகாவே ஏற்படுத்தினீர்கள். நல்ல காரியம், மற்ற மாநிலங்களுக்கும் பாடம். அரபி முதலாளி உங்கள் பிள்ளையை நடத்துகிற விதத்தைக் கண்டிக்கும் அதே வாயால், உங்கள் பின்கட்டில் குடியிருக்கும் தமிழனுக்கு ரசீது எழுதமாட்டேன் என்று சொல்லலாமா?

கடலோரத்து மீனவர்களைப் பாருங்கள். வலியதுறையில் கடல் வீட்டைக் கொண்டுபோனது. வருஷக் கணக்காகச் சிமெண்டுக் கிட்டங்கியில், துணி மறைப்புக்குள் குடும்பம் நடத்தினார்கள். 2018-ல் முட்டத்தறையில் 192 குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. 2022-ல் விழிஞ்ஞம் துறைமுகத்தை எதிர்த்து நாலு மாதத்துக்கு மேல் போராட்டம் நடத்தினார்கள். கிட்டங்கியில் இருந்தவர்களுக்கு மாதம் 5,500 ரூபாய் வாடகைப் பணம் என்று அரசாங்கம் சொன்னது. போதாது என்றார்கள், நியாயம்தான், அந்தப் பணத்துக்கு இந்த ஊரில் என்ன வீடு கிடைக்கும்? ஆனால் கவனியுங்கள். அவர்கள் பெயர் பள்ளிவட்டாரப் பதிவேட்டில் இருந்தது; எத்தனை குடும்பம் என்று எண்ணிச் சொல்ல முடிந்தது. நாம் நாளைக்கு மறியல் செய்தால் எத்தனை குடும்பம் என்று சொல்லக்கூட நம்மிடம் கணக்கு இல்லை.

நம் பக்கத்துப் பெரியவர்களையும் விடக்கூடாது. பொங்கலுக்கும் திருவள்ளுவர் நாளுக்கும் பட்டுத் துண்டு போட்டு மேடை ஏறித் தமிழ் வாழ்க என்கிற கடை முதலாளிகளில் சிலர்தான் பின்கட்டு அறைகளை நமக்கு வாடகைக்கு விடுகிறவர்கள். அவர்களும் ரசீது கொடுப்பதில்லை! தமிழனுக்குத் தமிழன் எழுதிக் கொடுக்க எது தடை? மேஸ்திரிமார் கதை தனி. ஆளின் ஆதாரை வாங்கித் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு "பத்திரமாக இருக்கட்டும்" என்கிறார்கள். சென்னையில் ஜனவரி 12-ந் தேதி அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறார்கள். சிங்கப்பூர், அமெரிக்கா என்று பெருமை. பாறசாலைக்கு இந்தப் பக்கம் இருப்பவன் எந்த அகத்தான்?

இன்னொரு பேச்சு நம் சந்துகளில் அதிகமாகக் கேட்கிறது: "வங்காளத்துக்காரனும் அசாம்காரனும் வந்து நம் கூலியைக் கெடுத்துவிட்டான்." 2013-ல் நடந்த ஆய்வு ஒன்று கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் 25 லட்சம் என்று மதிப்பிட்டது. அவர்களும் அதே தகர அறையில்தான் படுக்கிறார்கள், அதே குழாயடியில்தான் நிற்கிறார்கள். எட்டு அறையை வைத்திருப்பவருக்கு நாமும் அவனும் அடித்துக்கொள்வதைவிட லாபம் வேறு இல்லை. ரசீது கேட்கும்போது பக்கத்து அறை ஒடியாக்காரனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்க உரிமை உண்டா என்று பயப்படவேண்டாம். 1965-ஆம் வருஷத்துக் கேரள வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வாடகையோ அட்வான்ஸோ கொடுத்தவர் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ரசீது பெற உரிமையுள்ளவர் என்று எழுதியிருக்கிறது. குடியிருப்பவரின் தண்ணீரையும் கரண்டையும் வீட்டுக்காரர் தன் இஷ்டத்துக்கு நிறுத்தக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. சட்டம் வந்து அறுபது வருஷம் ஆகிவிட்டது. நம் சந்துக்கு இன்னும் வந்து சேரவில்லை.

"நாம் என்ன இங்கேயே இருக்கப் போகிறோமா, ரெண்டு வருஷத்தில் ஊருக்குப் போய்விடுவோம்" என்று சொல்லித்தான் எல்லோரும் வந்தார்கள். அந்த ரெண்டு வருஷத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கல்யாண வயது. ஊருக்குப் போகிறவர் போகட்டும், இருக்கும் வரைக்கும் மனிதர்களாக இருப்போம். "ரசீது கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வான்" என்பார்கள். ஒருத்தர் கேட்டால் சொல்வான். எட்டு அறையும் ஒரே நாளில் கேட்டால்? எட்டு வாடகையையும் ஒரே நாளில் இழக்க எந்த வீட்டுக்காரருக்கும் மனசு வராது.

சங்கம் ரசீதுப் புத்தகம் அச்சடித்திருக்கிறது. ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம். டி.சி. நம்பர், அறை நம்பர், குடும்பத்தில் எத்தனை பேர், வாடகை, அட்வான்ஸ், கரண்ட் காசு ஆகியவற்றுக்கு இடம் விட்டிருக்கிறோம். வரும் மாதம் வாடகை கொடுக்கும்போது புத்தகத்தை நீட்டுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் அந்தத் தேதியையும் நேரத்தையும் அதே தாளில் எழுதி, பக்கத்து அறைக்காரர் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கிச் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். இனி வாடகையை ரொக்கமாகக் கொடுக்காமல் பாங்கு வழியாகவோ போன் வழியாகவோ அனுப்புங்கள். அதுவும் ஒரு சாட்சி. எழுதத் தெரியாதவர்களுக்குச் சாலைத் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். தாள்கள் சேர்ந்ததும், எத்தனை டி.சி. நம்பரில் எத்தனை குடும்பம் என்று பட்டியல் போட்டு, கார்ப்பரேஷனுக்கு ஒரு பிரதியும் தலைமைச் செயலகத்துக்கு ஒரு பிரதியும் கொடுப்போம். செயலகத்துக்குக் கொடுப்பதைத் தமிழிலேயே எழுதப் போகிறோம். தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் தரவேண்டும் என்று 1969-ஆம் வருஷத்து ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. பதில் வந்தால் அப்படியே இந்தப் பத்திரிகையில் போடுவோம். வராவிட்டால், மனுக் கொடுத்த தேதியை மாதாமாதம் முதல் பக்கத்தில் போடுவோம்.