ஆயிரம் காசு, ஆயிரம் தடவை

நான் படித்த ஒரு கட்டுரையின்படி, யூத மதம் வெறும் சட்டப் புத்தகமாம்; 613 கட்டளைகளை எண்ணிக் கடைப்பிடித்தால் போதுமாம், ஆன்மாவுக்கு அங்கே வேலையே இல்லையாம். யூதர்களின் சட்ட விளக்க நூலான தல்மூதைக் கொஞ்சம் புரட்டியிருந்தால் கட்டுரையாளர் இப்படி எழுதியிருக்க மாட்டார். பாவம் மனிதனின் இதயத்தை மழுங்கடிக்கிறது என்று அதன் யோமா பகுதி வெளிப்படையாகவே பேசுகிறது. ஒரே தவறை இரண்டாம் முறை செய்தவனுக்கு அது தவறாகவே தோன்றாது என்பதும் அங்கேதான் வருகிறது. தண்டனை மெதுவாக வரட்டும். கெடுதல் உள்ளே அப்போதே நடந்துவிடுகிறது.

கீழ்ப்படிதலும் அப்படித்தான், உள்ளேதான் வேலை செய்கிறது. ஆயிரம் பொற்காசுகளை ஒருவருக்கே மொத்தமாகக் கொடுப்பதைவிட, ஆயிரம் தடவை ஒவ்வொன்றாகக் கொடுப்பதே மேல் என்றார் 12ஆம் நூற்றாண்டின் யூத அறிஞர் மைமோனிடிஸ். வெறும் கணக்கென்றால் இரண்டும் ஒன்றுதானே? அவர் பார்த்தது கொடுக்கிறவனை. ஆயிரம் முறை விரிந்த கைக்குக் கஞ்சத்தனம் விட்டுப்போகும்.

பிறவிப் பாவத்தையும் கட்டுரையாளர் யூதர்கள் தலையில் கட்டுவதுதான் வேடிக்கை. தமக்குத் தரப்பட்ட ஆன்மா தூய்மையானது என்று தினமும் காலை வழிபாட்டில் சொல்கிறவர்கள் அவர்கள். கறை பிறகு படிவது. அயலானுக்குச் செய்த தீங்கென்றால் பாவப்பரிகார நாளான யோம் கிப்பூரின் நோன்பும் அதைக் கழுவாது; முதலில் அவனிடமே போய்ச் சமாதானம் செய்தாக வேண்டும் என்கிறது மிஷ்னா. அதுவும் சட்டப் புத்தகம்தான்.