இலவச மென்பொருளுக்கும் செலவு உண்டு

பெங்களூருவில் உருவான ஒரு மென்பொருளின் 4.1.0 பதிப்புக்குப் பெயர் ‘ஜாங்கிரி’. மென்பொருளின் பெயர் ‘மூஸ்’. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் (என்சிபிஎஸ்) உபிந்தர் பல்லாவின் ஆய்வகத்தில் வளர்ந்தது. நரம்பு செல்களின் இயக்கத்தைக் கணினியில் நடத்திப்பார்க்க உதவும் இதை யாரும் காசில்லாமல் பதிவிறக்கலாம். மூல நிரலையும் திருத்தலாம்.

இந்த வேலைக்கு வேறு திறமூல மென்பொருள்களும் உண்டு. எது சிறந்தது என்பது, எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு செல்லின் கிளைகளில் மின்துடிப்பு பரவும் விதத்தை ஆராய, மைக்கேல் ஹைன்ஸ் உருவாக்கிய ‘நியூரான்’ பொருத்தமானது. ‘மாடல்டிபி’ களஞ்சியத்தில் அதற்கென எழுதப்பட்ட மாதிரிகள் ஏராளம். பெருந்தொகையான செல்களின் வலைப்பின்னலுக்கு ‘நெஸ்ட்’. 2013இல் ஜப்பானின் ‘கே’ சூப்பர் கணினியில் 173 கோடி செல்களை அது இயக்கியது. ஒரு நொடி இயக்கத்தைக் கணக்கிட 40 நிமிடம் பிடித்தது. ஆனால், அங்கே ஒவ்வொரு செல்லும் வெறும் புள்ளிதான். சமன்பாட்டை அப்படியே எழுதி ஓட்டிப்பார்க்க ‘பிரையன்’ எளிது.

நினைவு எப்படிப் பதிகிறது என்று கேட்டால் சிக்கல் தொடங்குகிறது. நரம்பிணைப்பில் மின்துடிப்பு சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும். அப்போது உள்ளே நுழையும் கால்சியம் தூண்டிவிடும் வேதிவினைகளோ மணிக்கணக்கில் நீளும். இரண்டையும் ஒரே மாதிரியில் இணைப்பதுதான் மூஸின் நோக்கம். அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் இதே வகையிலான ‘ஜெனிசிஸ்’ மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான பல்லா, அந்த அனுபவத்தின் மீதே இதைக் கட்டினார்.

நியூரானும் பின்னாளில் வேதிவினைகளுக்குத் தனிப் பகுதியைச் சேர்த்துக்கொண்டது. பிறகு நமக்கென்று ஒன்று எதற்கு? கையில் உள்ள கருவிக்கு அடங்காத கேள்வியை ஆய்வாளர்கள் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கருவியைச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தடை இல்லை.

ஆனால், செய்தால் மட்டும் போதாது. பைதான் நிரல்மொழியின் புதிய பதிப்பு வந்தால் நிரலைத் திருத்த வேண்டும். பிழைகளைக் களைய வேண்டும். கையேட்டைப் புதுப்பிக்க வேண்டும். முனைவர் பட்டம் முடித்து மாணவர் கிளம்பியதும் இவை தேங்கிவிடும். ஆய்வுக்கட்டுரைகளை எண்ணியே தகுதியை அளந்தால், இந்த வேலைக்கு யார் வருவார்கள்?

எனவே, ஆய்வு நிதியிலேயே மென்பொருள் பராமரிப்புக்கு நிரந்தரப் பொறியாளர் பணியிடம் ஒதுக்க வேண்டும். பொதுப்பணத்தில் உருவாகும் மாதிரிகளை ‘நியூரோஎம்எல்’ போன்ற பொது வடிவிலும் வெளியிடச் சொல்ல வேண்டும். மென்பொருள் மாறினாலும் உழைப்பு வீணாகாது.