பழைய எஸ்யூவி வாங்கப் போறீங்களா? மைலேஜை விடுங்க, ஏர்பேக்கைப் பாருங்க

ரெண்டு, மூணு லட்சத்துக்குப் பழைய ஹோண்டா சி.ஆர்.வி. பெட்ரோல் வண்டியை "பாடி இரும்பு சார்" என்று சொல்லி விற்கிறார்கள். வாங்குறவர் கேட்பது ஒண்ணே ஒண்ணு: லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?

முதலில் கேட்க வேண்டியது, டகாட்டா ஏர்பேக்கை மாத்தியாச்சா? வருஷக்கணக்கில் வெயிலும் ஈரக்காற்றும் பட்டால் அதனுள் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் கெட்டுப்போகும். அப்புறம் சின்ன மோதலிலேயே தாறுமாறாக வெடித்து, உலோகக் கூடு சிதறி முகத்திலும் கழுத்திலும் பாயும். கழுத்து ரத்தக்குழாய் அறுந்தா எங்ககிட்ட கொண்டு வர்றதுக்குள்ள கதை முடிஞ்சிரும். சென்னை, கடலூர் பக்கம் ஓடிய வண்டின்னா இன்னும் கவனம்.

ஹோண்டா 2015லேயே பழைய சி.ஆர்.வி.களைத் திரும்ப அழைத்து இலவசமாக மாற்றித் தந்தது. தகவல் போயிருந்தாலும் முதல் ஓனருக்குத்தான் போயிருக்கும். நீங்க மூணாவது ஓனர். சேசிஸ் நம்பரை ஹோண்டா தளத்தில் போட்டுப் பார்க்க ரெண்டு நிமிஷம். இதைச் சொல்லாமல் கமிஷன் மட்டும் வாங்குற புரோக்கரை என்னன்னு சொல்றது?

பின்சீட் பெல்ட் பக்கிள் சீட் கவருக்குள்ள புதைஞ்சு கிடக்கும், தோண்டி எடுங்க. டயரில் 2314 என்றிருந்தால் 2014ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. "பட்டன் நல்லாத்தானே இருக்கு" என்பார். கழட்டச் சொல்லுங்க.