விரிசல் விட்ட புகைக்குழாயும் தற்காலிகப் பழுதுபார்ப்பும்

காரின் புகைக்குழாயில் விரிசல் விழுந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது சத்தம். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் அடியிலிருந்து தடதடவென்று எழும். பெட்ரோலோ டீசலோ எரியும்போது நீராவியும் உண்டாவதால் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது. கொஞ்ச தூரமே ஓடி நிற்கும் வண்டிகளில் அந்த ஈரம் காய்வதே இல்லை. வேகத்தடையில் அடி தட்டினாலும், குழாயைத் தாங்கும் ரப்பர் அறுந்து குழாய் ஆடினாலும் வெல்டிங் போட்ட இடம் விட்டுப்போகும்.

சத்தத்தைவிட அஞ்ச வேண்டியது கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் இல்லாத இந்த வாயு, ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கி உயிரையே பறிக்கும். நிற்கும் வண்டியில் புகை அடியில் தேங்கி உள்ளே ஏறும். திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவுகளில் 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்துவர நான்கைந்து மணி நேரமாகும். அதுவரை காத்திருக்கும் ஓட்டுநர் வாகன நிறுத்தத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டுத் தூங்குவது எந்தக் காரிலும் ஆபத்து. குழாய் விரிசல் விட்ட காரில் பேராபத்து.

பழுது பார்க்குமுன் குழாய் முழுக்க ஆற வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி அடியில் நுழையக் கூடாது. ஸ்டாண்டும் சக்கரங்களுக்குக் கட்டையும் வேண்டும். விரிசலைச் சுற்றிக் கரி படிந்திருக்கும். அந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவும் எண்ணெயும் போகத் துடைக்க வேண்டும்.

சிறு விரிசலுக்குச் சூடு தாங்கும் எக்ஸாஸ்ட் பேஸ்ட் போதும். அதை விரிசலுக்குள் அழுத்திப் பூசி, உறையில் குறித்துள்ள நேரம் காயவிட வேண்டும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் எம்-சீல் வகைப் பசை இந்தச் சூட்டில் கருகி உதிரும். விரிசல் நீளமானால் பேஸ்ட்டின் மேல் தகர டப்பாவை வெட்டிச் சுற்றி, இரு முனையிலும் ஹோஸ் கிளிப் போட்டு முறுக்க வேண்டும். ரப்பர் அறுந்து குழாய் தொங்கினால் கட்டுக்கம்பியால் தூக்கிக் கட்டலாம். பிரேக், எரிபொருள் குழாய்கள் மேல் கம்பி படக் கூடாது.

இவையெல்லாம் சைலன்சரை ஒட்டிய பின்பகுதிக்கே பொருந்தும். எஞ்சினை ஒட்டிய மேனிஃபோல்டிலோ கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்போ விரிசல் என்றால் அங்குள்ள சூட்டில் ஒட்டு நிற்காது. விரிசல் வழியே புகும் காற்று ஆக்ஸிஜன் சென்சாரையும் ஏமாற்றும். அந்த வண்டியை இழுத்துச் செல்வதே சரி.

ஒட்டுப்போட்ட வண்டியில் கண்ணாடிகளை இறக்கி, டிக்கியை மூடி, அருகிலுள்ள ஒர்க்‌ஷாப் வரை மட்டும் மெதுவாகப் போகலாம். மலைப் பாதைக்கு அந்த ஒட்டு தாங்காது. ஒர்க்‌ஷாப்பில் துரு தின்ற பகுதியை வெட்டிப் புதுக்குழாய் வைத்து வெல்டிங் செய்வார்கள். ஆர்க் வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினால் காரின் கம்ப்யூட்டர் தப்பும். வேலை முடிந்ததும், குழாய் ஆறியிருக்கும்போதே இணைப்பில் சோப்பு நீர் தடவி எஞ்சினை ஓட்ட வேண்டும். குமிழி வராவிட்டால் கசிவில்லை.