நன்கொடை வேறு, பொறுப்பு வேறு

பெரிய கம்பனிகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், பாடசாலை மாணவருக்கு அப்பியாசக் கொப்பிகள் வழங்கும் படங்களும் இரத்ததான முகாம், மரநடுகைக் காட்சிகளும் தவறாது இடம்பெற்றிருப்பதைக் காணலாம். இவையே கூட்டாண்மைச் சமூகப் பொறுப்பு என்று கூறப்படுகின்றன. இவை பயனற்றவை என நாம் கூற வரவில்லை. ஆனால், இலாபத்தின் ஒரு பகுதி எவ்வாறு செலவிடப்படுகின்றது என்பதற்கு முன்பாக, அந்த இலாபம் எவ்வாறு ஈட்டப்பட்டது என்ற கேள்வி எழுப்பப்பட வேண்டும்.

அயல்நாடான இந்தியா, பெரிய கம்பனிகள் தமது மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டுமென 2013ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தில் விதித்தது. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். எனினும், எஞ்சிய 98 சதவீதம் யாருடைய உழைப்பில், எத்தகைய நிலைமைகளில் திரட்டப்பட்டது என்பதை அவ்விதி கேட்பதில்லை.

அதே ஆண்டில் பங்களாதேஷில் நிகழ்ந்த அனர்த்தம் அந்தக் கேள்வியை உலகின் முன் வைத்தது. டாக்காவுக்கு அருகிலுள்ள சாவாரில் ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் 2013 ஏப்ரல் 24ஆம் திகதி இடிந்து வீழ்ந்தது. 1,134 பேர் உயிரிழந்தனர். முதல்நாளே சுவர்களில் வெடிப்புகள் தென்பட்டிருந்தன. கீழ்மாடிகளிலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல்மாடிகளில் இயங்கிய ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மாத்திரம் மறுநாட் காலையில் வேலைக்கு அழைக்கப்பட்டனர். மாண்டவர்களில் பெரும்பாலானோர் இளம் பெண்கள். அவர்கள் தைத்த ஆடைகள் ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளுக்கு உரியவை.

அத்தொழிற்சாலைகளுட் சில ஏற்கனவே ‘சமூகக் கணக்காய்வுக்கு’ உட்படுத்தப்பட்டிருந்தன என்பதே இதிலுள்ள பெரும் முரண்பாடாகும். 2012 செப்டெம்பரில் கராச்சியில் 250இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தீ விபத்து நேர்ந்த தொழிற்சாலையும், அதற்குச் சில வாரங்களுக்கு முன்னரே சர்வதேசத் தரச் சான்றிதழைப் பெற்றிருந்தது. சான்றிதழ் சுவரில் தொங்கியதேயன்றி எவரையும் காப்பாற்றவில்லை. கணக்காய்வுக்கான கட்டணத்தைத் தொழிற்சாலையோ கொள்வனவாளரோ செலுத்த, அதன் முடிவைத் தொழிலாளர் அறியாதிருக்கும்போது வேறெதனை எதிர்பார்க்க முடியும்?

ரானா பிளாசாவில் பாதிக்கப்பட்டோருக்கான 3 கோடி டொலர் நிதியம் கம்பனிகளின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தது. அது முழுமையடைய 2015 ஜூன் வரை, இரண்டாண்டுகளுக்கும் மேல் சென்றது.

மறுபுறத்தில், அனர்த்தத்தின் பின்னர் சர்வதேசத் தொழிற்சங்கங்களும் 200இற்கும் மேற்பட்ட வர்த்தக நாமங்களும் கைச்சாத்திட்ட தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை சட்டரீதியாகப் பிணிக்கும் தன்மை கொண்டது. சுயாதீனப் பரிசோதகர்கள் கண்ட குறைபாடுகள் பகிரங்கப்படுத்தப்பட்டன. அவற்றைத் திருத்த மறுத்த தொழிற்சாலைகள் கட்டளைகளை இழந்தன. வாக்குறுதியை மீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட கொள்வனவாளர்கள் ஹேக்கிலுள்ள நடுத்தீர்ப்பு மன்றத்துக்கு அழைக்கப்பட்டு, 2018இல் பல இலட்சம் டொலரைச் செலுத்த இணங்கினர். நல்லெண்ணம் சாதிக்காததைக் கடப்பாடு சாதித்தது என்றே கூறவேண்டும்.

ஆயினும், கட்டடம் உறுதியானால் மட்டும் போதாது. 2020இல் கொவிட் தொற்றுப் பரவியபோது, பங்களாதேஷில் சுமார் 300 கோடி டொலர் பெறுமதியான கட்டளைகள் இரத்துச் செய்யப்பட்டதாக அல்லது இடைநிறுத்தப்பட்டதாக அந்நாட்டு ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் தெரிவித்தது. விலையைக் குறைக்குமாறும் விநியோகத்தைத் துரிதப்படுத்துமாறும் ஒருபுறம் நெருக்கிக்கொண்டு, மறுபுறம் நியாயமான சம்பளம் வழங்குமாறு உபதேசிப்பது முரணானது. இதனை உணர்ந்தே, விநியோகச் சங்கிலி முழுவதற்கும் கம்பனிகளைப் பொறுப்பாக்கும் சட்டமொன்றை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றியது. ஆனால் 2025இலேயே அதன் அமுலாக்கம் பிற்போடப்பட்டதுடன், அதன் வீச்சைச் சுருக்கும் முயற்சிகளும் வலுப்பெற்றன.

இவையெல்லாம் நமக்கு அந்நியமான விடயங்களல்ல. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் ஆரம்பிக்கப்பட்ட காலந்தொட்டு, நாட்டின் அந்நியச் செலாவணியில் கணிசமான பகுதியைக் கிராமத்துப் பெண்களின் கைகளே ஈட்டித் தந்துள்ளன. போருக்குப் பின்னர் வடக்கு, கிழக்கிலும் ஆடைத் தொழிற்சாலைகள் அமைக்கப்பட்டன. இலங்கை ஆடைத் தொழிற்றுறை 2006இல் ‘குற்றவுணர்வற்ற ஆடைகள்’ என்ற திட்டத்தை முன்வைத்ததும், கட்டடத் தரத்திலும் சிறுவர் உழைப்பைத் தவிர்ப்பதிலும் நற்பெயர் ஈட்டியதும் உண்மையே. அந்த நற்பெயர் நிலைக்க வேண்டுமாயின், வாழ்வதற்குப் போதுமான சம்பளமும் அச்சமின்றித் தொழிற்சங்கத்தில் இணையும் உரிமையும் அதற்குள் அடங்க வேண்டும். 2010இல் இழக்கப்பட்டு 2017இல் மீளக் கிடைத்த ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையும் தொழில் உரிமைகளுக்கான சர்வதேச சமவாயங்களுடன் பிணைக்கப்பட்டிருப்பதை ஆட்சியாளரும் தொழிலதிபரும் மறந்துவிடலாகாது.

வெடிப்பு விழுந்த கட்டடத்துக்குள் நுழைய மறுக்கும் உரிமையும், அவ்வாறு மறுத்தால் வேலை பறிபோகாது என்ற உத்தரவாதமும் சாவாரின் தொழிலாளருக்கு இருந்திருப்பின் அன்று அத்தனை உயிர்கள் பலியாகியிருக்கமாட்டா. அந்த உத்தரவாதத்தைச் சட்டமும் தொழிற்சங்கமுமே வழங்க முடியும். எத்தனை கொப்பிகளை விநியோகித்தாலும் அதற்கு ஈடாகாது.