கால் சொல்லும் சேதி

காய்ச்சல் என்றால் உடனே நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறோம். குழந்தை சற்றுச் சிணுங்கினாலும் கழுத்தடியில் கை வைத்துப் பார்க்காத தாய் இல்லை. ஆனால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாள் முழுவதும் நம்மைச் சுமந்து திரிகிற அந்த அப்பாவியின் ஞாபகம், முள் தைத்தால்தான் நமக்கு வருகிறது.

சர்க்கரை வியாதிக்காரர்கள் சிலருக்கோ முள் தைத்தாலும் வருவதில்லை! பல வருஷம் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால், கால் நரம்புகள் மெல்ல மெல்ல மரத்துப் போகலாம். செருப்புக்குள் புகுந்த கல் உறுத்தாது. உச்சி வெயிலில் கோயில் பிராகாரத்துக் கல் சுடாது. "காலில் எனக்கு வலியே கிடையாது, ஸார்!" என்று பெருமையாகச் சொல்கிறாரே, அவரைப் பார்த்துத்தான் டாக்டர் கவலைப்படுகிறார்.

வலியின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்ன ஒருவர் நம் கொல்லிமலைப் பக்கத்தில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட் என்று பெயர். 1914-ல் பிறந்த அவர், 1946-ல் வேலூருக்கு வந்து, இருபது வருஷம் தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீர்ப்படுத்தினார். அவர்கள் காலில் புண் வருவது சதை தானே அழுகுவதால் அல்ல. உணர்ச்சி இல்லாததால், தெரியாமலே படுகிற காயங்களால்தான் என்று எடுத்துக் காட்டினார். பின்பு அமெரிக்காவில், கார்வில் என்ற ஊர் ஆஸ்பத்திரியில், மரத்துப் போன பாதங்களின் உஷ்ணத்தைப் படம் பிடித்துப் பார்க்கும் முறையை அவரும் சகாக்களும் கையாண்டார்கள். ஓயாமல் அழுத்தம் விழுகிற இடம், தோல் கிழிவதற்கு முன்பே சூடேறிவிடுகிறது. வலி வாயை மூடிக்கொண்டாலும் சூடு பேசுகிறது!

அந்தப் பேச்சை வீட்டிலிருந்தபடியே கேட்க முடியுமா? அமெரிக்காவில் நடந்து 2007-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் இதைச் சோதித்தார்கள். ஏற்கெனவே காலில் புண் வந்து ஆறிய சர்க்கரை வியாதிக்காரர்கள் 173 பேர். அவர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும் தோலின் சூட்டை அளக்கும் கருவியைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பாதத்திலும் ஆறு இடம்: பெருவிரல், விரல்களுக்குக் கீழுள்ள மேட்டில் மூன்று இடம், நடுப்பாதம், குதிகால். ஒரு காலின் ஓரிடம், மறு காலின் அதே இடத்தைவிட 4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் (சென்டிகிரேடில் 2.2) சூடாயிருந்தால், நர்ஸுக்குச் சொல்லிவிட்டு, வித்தியாசம் தணியும்வரை நடையைக் குறைக்க வேண்டும். அவ்வளவுதான்! 15 மாதத்தில், மற்ற இரண்டு பிரிவுகளிலும் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்கு மறுபடி புண் வந்தது. கருவி வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்குக்கூட வரவில்லை.

இப்போது அளக்கிற சிரமத்தையும் குறைத்துவிட்டார்கள். கால்மிதி போன்ற ஒரு சாதனத்தில் தினமும் சில விநாடி நின்றால் போதும். அது சூட்டை அளந்து, தூரத்தில் இருக்கும் மருத்துவக் குழுவுக்குத் தானே அனுப்பிவிடும். 2017-ல் வெளியான ஆராய்ச்சியில், உள்ளங்காலில் வந்த புண்களில் நூற்றுக்கு 97-ஐ அது முன்கூட்டியே காட்டியது; அதுவும் சராசரி 37 நாள் முன்னதாக! காரணமில்லாமல் எச்சரித்த சமயங்களும் நிறைய உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காலை இழப்பதைவிட, வீணாக இரண்டு நாள் உட்கார்ந்திருப்பது பெரிய நஷ்டமா, என்ன?

"எங்கள் வீட்டில் அந்த மிதி ஏது?" என்று கேட்பீர்கள். தோலின் சூட்டைத் தொடாமலே காட்டும் சிறு கருவி போதும். காய்ச்சலுக்கு நாக்கடியில் வைக்கும் கண்ணாடி உஷ்ணமானி இதற்கு உதவாது. வெறும் கையை நம்பாதீர்கள். இரண்டு டிகிரி வித்தியாசம் கைக்குத் தப்பிவிடும். தினமும் ஒரே நேரத்தில், சற்று ஓய்வாக இருந்தபின் அளந்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் ஒரே இடத்தில் வித்தியாசம் தெரிந்தால் நடையைக் குறைத்து, டாக்டரிடம் போங்கள். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சூடேறி வீங்கினாலோ, அன்றைக்கே போக வேண்டும். உள்ளே எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம்.

இரத்த ஓட்டம் குறைந்த காலில் சூடு சரியாகத் தெரியாமலும் போகலாம். ஆகையால் கருவி இருக்கிறதென்று கண்ணுக்கு லீவு கொடுத்துவிடாதீர்கள். விரலிடுக்கு, குதிகால் வெடிப்பு எல்லாவற்றையும் தினம் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். செருப்பை உதறிவிட்டுப் போட வேண்டும்.

பெரியவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. வீட்டில் சர்க்கரை வியாதியுள்ள தாத்தாவோ பாட்டியோ இருந்தால், கும்பிட்டு எழுவதற்கு முன், "உள்ளங்காலையும் கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். ஆசீர்வாதம் இரண்டு பங்காகக் கிடைக்கும்!