மாடியில் கேட்பாரற்ற "குடை"! எடைக்குப் போடக் கழற்றினால் எமன் வருவது எப்படி?

ராஜபாளையம் தென்காசி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகத் தலையைத் தூக்கிப் பார்த்தால் தெரியும். மொட்டை மாடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பெரிய கிண்ணங்கள். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இதே காட்சிதான். ஒரு காலத்தில் தெருவுக்கே படம் காட்டிய கேபிள் டி.வி. "குடைகள்" இவை. இன்று பலவற்றில் வயர்கூடக் கிடையாது. காக்காய் உட்காருகிறது. துரு தின்கிறது.

"சும்மாதானே கிடக்கு அண்ணாச்சி! கழட்டி எடைக்குப் போட்டா காசாச்சு, இடமும் ஆச்சு!"

இந்தப் பேச்சு எழுந்த நாளிலிருந்துதான் உண்மையான ஆபத்து ஆரம்பம். நிற்கிற குடையைவிடக் கழற்றுகிற குடைதான் ஆளைக் கொல்லும். அதுவும் தப்பான வரிசையில் கழற்றினால், கேட்கவே வேண்டாம்.

குடை வந்த கதை

1982-ல் இலங்கையில் ரூபவாகினி ஒளிபரப்பு தொடங்கியதும், தென் மாவட்டக்காரர்கள் வீட்டுக் கூரையில் உயரக் கம்பம் நட்டு, கடல் தாண்டி வந்த படத்தைப் புள்ளிப் புள்ளியாகப் பார்த்தார்கள். அது மீன் முள் மாதிரி ஆன்டெனா. விழுந்தால் ஓடு உடையும், அவ்வளவுதான்.

1991-ல் வளைகுடாப் போர். சி.என்.என். படம் வானத்திலிருந்து நேரே இறங்கியது. அதே ஆண்டு ஸ்டார் டி.வி. வந்தது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி. வந்தது. அதன்பின் ஊருக்கு ஊர் கேபிள்காரர்கள் முளைத்தார்கள். 8 அடி, 10 அடி, 12 அடி என்று குடைகள் மாடி ஏறின. இத்தனை சேனல் தருகிறோம் என்று காட்டுவதற்கே பக்கத்தில் இன்னொரு குடையை நிறுத்திய ஆட்களும் உண்டு!

பிறகு காற்று மாறியது. சின்னத் தட்டு வைத்த டி.டி.எச். வந்தது. கேபிளை டிஜிட்டலாக்கும் சட்டத் திருத்தம் 2011-ல் வந்தது. தமிழ்நாட்டு அரசு கேபிளுக்கு 2017-ல் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. சிக்னல் கண்ணாடி இழை வழியாக வர ஆரம்பித்ததும், தெருவுக்கு ஒரு குடை என்பது தேவையற்றுப் போனது. இப்போதோ செல்போனிலேயே படம் ஓடுகிறது.

மிச்சம் மீதி இருந்த குடைகளுக்கும் 2022-ல் இன்னொரு இடைஞ்சல் வந்தது. 5ஜி செல்போனுக்காக ஏலம் விட்ட அலைவரிசைகளில் ஒன்று, இந்தக் குடைகள் டி.வி. வாங்கும் அலைவரிசைக்கு ஒட்டிய பக்கத்து வீடு. பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் சத்தத்தில் நம் வீட்டு ரேடியோ கேட்காதது போல, பழைய குடைகளில் படம் உடையும். வடிகட்டி மாட்டினால் சரியாகும். ஆனால் கட்டணம் கட்டும் வீடுகள் குறைந்த பிறகு அதற்கு யார் காசு போடுவது?

யார் வீட்டுச் சொத்து?

இங்கேதான் சிக்கல். மாடி வீட்டுக்காரருடையது. குடை கேபிள்காரருடையது. வாடகை பேசியதெல்லாம் பெரும்பாலும் வாய்ப்பேச்சு. கேபிள்காரர் தொழிலை விட்டிருப்பார், அல்லது இன்னொருவருக்குக் கைமாற்றி இருப்பார். வாங்கியவருக்குக் கஸ்டமர்தான் வேண்டும், துருப்பிடித்த இரும்பு வேண்டாம். ஆக, குடைக்கு அப்பன் இல்லை!

1995-ம் ஆண்டு கேபிள் சட்டம் வந்தபோது கேபிள்காரர்கள் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்தார்கள். தொழில் நடத்துவதற்குத்தான் அந்தப் பதிவு. தொழில் முடிந்ததும் குடையை யார் இறக்க வேண்டும் என்று பார்க்க அங்கே ஆள் இல்லை.

முறையான ஆள் வைத்து இறக்கச் செலவாகும். பழைய இரும்புக்காரரோ அவரே காசு கொடுத்து எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். வீட்டுக்காரர் எந்தப் பக்கம் சாய்வார் என்று சொல்லவும் வேண்டுமா?

பழைய இரும்புக்காரரைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. அவர் தொழில் எடை. எதற்கு விலை அதிகமோ அதை முதலில் எடுப்பார். குடையைத் திருப்பும் மோட்டார் ஜாக்கியில் செம்புக் கம்பி இருக்கிறது. வலைத் தகடு அலுமினியம். இரண்டும் கைக்கு எட்டுகிற உயரத்தில், பின்பக்கமும் கீழ் விளிம்பிலும் இருக்கின்றன. ஆகவே முதலில் ஜாக்கி, அடுத்து கீழ்ப்பக்கத் தகடு. பாதுகாப்பான வரிசையோ இதற்கு நேர் தலைகீழ்!

ஜாக்கி போனால் என்ன?

ஜாக்கி என்பது வெறும் மோட்டார் அல்ல. அதுதான் குடையின் முட்டுக்கால். அதைப் பிடுங்கினால் குடை கீலில் ஊஞ்சல் மாதிரி ஆடும். கீழ்ப்பக்கத் தகட்டையும் எடுத்துவிட்டால் மேல் பாதியின் கனம் ஒரேயடியாகக் கவிழ்க்கும். பக்கத்தில் ஸ்பானரோடு நிற்பவர் கைப்பிடிச் சுவருக்கு வெளியே போவார்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. டில்லியில் குடைகள் நன்றாகச் சாய்ந்து நிற்கும். ராஜபாளையம் பூமத்திய ரேகைக்குப் பக்கம். இன்சாட், ஜிசாட் செயற்கைக்கோள்கள் நிற்கும் 83 டிகிரி கிழக்கைப் பார்த்து வைத்த குடை, இங்கே நேர் உச்சியிலிருந்து ஏறத்தாழ 13 டிகிரிதான் சாய்ந்திருக்கும். டில்லியில் அதே குடை சுமார் 34 டிகிரி சாயும். அதாவது, நம் ஊர்க் குடை வானத்தைப் பார்த்து ஏந்திய கிண்ணம்!

இதனால் ஒரு நன்மை, ஒரு கேடு.

நன்மை என்னவென்றால், மல்லாந்து கிடக்கும் வரை காற்று விளிம்பில் வழுக்கிக்கொண்டு போகும். கவிழ்ந்து காற்றுக்கு முகம் காட்டினால்தான் வினை. தகடு மூடிய 12 அடிக் குடையின் பரப்பு 110 சதுர அடிக்கு மேல். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு நேரே அது நின்றால், ஏறத்தாழ 250 கிலோ எடை தள்ளுகிற தள்ளு! வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நாலு மடங்கு. நாலு பேர் கயிற்றைப் பிடித்தாலும் நிற்காது. மேற்கே மலை, ஆடி மாசக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் அதே காற்றுதான் தென்காசிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் அலுமினியத் தகடு எம்மாத்திரம்?

கேடு, தண்ணீர். வலைக் குடையில் மழை ஒழுகிவிடும். தகடோ, பைபரோ போட்ட குடையில் நடுவில் வடிகால் ஓட்டை இருக்க வேண்டும். காய்ந்த இலையும் காக்காய்க் குச்சியும் அதை அடைத்துவிட்டால், பெரிய குடையில் சில நூறு லிட்டர் தேங்கும். டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். தொட்டி, டயர், தேங்காய்ச் சிரட்டை என்று பார்க்கிற கொசு ஒழிப்புப் பணியாளர்கள் மாடியிலும் ஒரு பார்வை பார்க்கலாம். போல்ட்டைத் தொடுமுன் இந்தத் தண்ணீரை வெளியேற்றாவிட்டால், கழற்றும்போது அது ஒரே பக்கம் சரிந்து குடையையும் இழுத்துக்கொண்டு வரும்.

எந்த வரிசை?

முதல் நாளே துருப்பிடித்த நட்டுகளில் டீசலோ எண்ணெயோ விட்டு ஊற வைக்க வேண்டும். மறுநாள் விடியற்காலை, காற்று கிளம்புமுன் வேலை ஆரம்பம். வெயில் ஏறிய பிறகு பளபளப்புத் தகட்டுக் குடையின் நடுவில் கையை நீட்டினால் பூதக்கண்ணாடிச் சூடு. அதற்கும் விடியற்காலையே நல்லது.

வயரையும் மோட்டார் கரண்டையும் துண்டித்தபின், பின்பக்கச் சட்டத்தில் நாலு திசையிலும் கயிறு கட்டி இழுத்துக் கட்ட வேண்டும். தகட்டில் கட்டக் கூடாது, கிழியும். ஜாக்கியை இயக்கியோ, கயிற்றால் இழுத்தோ குடையை நேர் உச்சி பார்க்கத் திருப்பி, அங்கேயே பூட்ட வேண்டும். நடுவில் நிற்கும் எல்.என்.பி.யைத் தாங்கும் கால்களை விளிம்பிலிருந்தே கழற்றி இறக்கலாம். கிண்ணத்துக்குள் ஏறி நிற்பது தற்கொலைக்குச் சமம். இருபது, முப்பது வருஷத்துத் துரு ஆளைத் தாங்காது.

அடுத்து தகடுகள். ஒரு பக்கம் ஒன்று எடுத்தால், அதற்கு நேர் எதிர்ப் பக்கம் ஒன்று எடுக்க வேண்டும். தராசு மாதிரி. எடுத்த தகட்டைக் கயிற்றில் இறக்க வேண்டும். மேலிருந்து வீசினால் பட்டம் மாதிரி மிதந்து, எதிர்க்கடை வாசலில் நிற்பவர் கழுத்துக்கு வரும். தகடுகள் போனபின் சட்டம். ஜாக்கி கடைசி! ஒரே துண்டாக வார்த்த பைபர் குடை என்றால் இந்த வேலையே வேண்டாம். கிரேனோ, முக்காலியில் தொங்கும் செயின் பிளாக்கோ இல்லாமல் தொடக் கூடாது.

இடுப்பு பெல்ட், தலையில் ஹெல்மெட், கீழே தெருவில் ஆள் வராமல் தடுக்க ஒருவர். இவ்வளவும் இல்லாமல் ஒற்றை ஆளாக ஏறுவதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரரே சத்தம் போடலாம்.

பக்கத்தில் கரண்டுக் கம்பி

காற்றைவிட மோசமான எமன் மாடி ஓரத்து மின்கம்பி. 11 ஆயிரம் வோல்ட் கம்பி கட்டடத்திலிருந்து பக்கவாட்டில் 1.2 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது நாலு அடி. குடையின் ஒரு கால் ஐந்தாறு அடி இருக்கும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்! திரும்பும்போது ஒரு முனை பட்டால் முடிந்தது கதை. கம்பி விதிப்படிதான் இருக்கிறது என்றாலும் பயனில்லை. அந்த விதி சும்மா நிற்கிற வீட்டுக்கு, இரும்புக் குழாயைத் தூக்கிச் சுற்றுகிற ஆளுக்கு அல்ல. மின்வாரியத்தில் சொல்லி லைன் கிளியர் வாங்கி, சப்ளையை நிறுத்திய பிறகே வேலை. "ஒரு அஞ்சு நிமிஷம்தானே!" என்று சொல்லிக்கொண்டு கம்பியோரம் குழாயைத் தூக்குவதுதான் வழக்கமாகிவிட்டது.

நகராட்சி என்ன செய்யலாம்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ரத வீதிகளில் வரும்போது லட்சக்கணக்கில் ஜனம் நிற்கும். தேரைப் பார்க்க மாடிகளிலும் ஆள் நிறையும். கீழே கூட்டம், மேலே துருப்பிடித்த குடை, மலையிலிருந்து காற்று. ஆபத்தான கட்டுமானத்தை அகற்றச் சொல்ல நகராட்சிக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. இரண்டு நகராட்சிகளும் ரத வீதிகளையும் பஜார்த் தெருக்களையும் மட்டுமாவது சித்திரை, வைகாசியில் ஒரு சுற்று பார்த்து, எந்த மாடியில் செத்த குடை இருக்கிறது என்று குறித்து வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். பழைய கேபிள்காரர்களுக்கு மிஷினும் தெரியும், மாடியும் தெரியும். கூலி பேசி அவர்களையே கூப்பிட்டால் ஜாக்கியைக் கடைசியில்தான் கழற்றுவார்கள். ஏற்றியவர்களாயிற்றே!

வீட்டுக்காரர்கள் மறந்துவிடும் ஒரு சங்கதி: குடை போனபிறகு தளத்தில் நட்ட இரும்புக் குழாய் மிச்சம் நிற்கும். அதைக் கடப்பாரையால் பெயர்த்தால் தளத்துக் கம்பியோடு வரும். தரை மட்டத்துக்கு அறுத்து, வாயை அடைத்து, மேலே சிமெண்டு பூசி மூட வேண்டும். இல்லையென்றால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் அந்தக் குழாய் வழியாகவே கீழ் வீட்டு சீலிங்குக்கு இறங்கும்.